அழ ஆளில்லாதவர்களின் உலகம்: 'வேம்பயர் ஹன்டர் டி: பிளட்லஸ்ட்'

நள்ளிரவில் ஒரு குதிரை வண்டி சிற்றூர் ஒன்றுக்குள் நுழைகிறது. அது கடந்து போகும் வழியெங்கும் சிலுவைகள் சூடுபட்ட மெழுகைப் போல முறுக்கி வளைகின்றன. நீரூற்றில் தண்ணீர் உறைந்து போகிறது. பூக்கள் தலை சாய்ந்து கருகுகின்றன. பிறகு ஒரு பெண்ணின் படுக்கையறை வருகிறது. அங்கே கண்ணாடியில் நமக்குத் தெரிவதெல்லாம், தொட்டுத் தூக்க யாருமே இல்லாமல் அவள் உடல் மட்டும் மெல்ல எழுந்து காற்றில் மிதப்பதுதான். தூக்கியவனுக்குப் பிம்பம் கிடையாது. இரத்தக்காட்டேரிகளைப் பற்றிய அந்தப் பழைய நம்பிக்கையை எவரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே ஒரே காட்சியில் புரியவைத்துவிட்டுத்தான் 'வேம்பயர் ஹன்டர் டி: பிளட்லஸ்ட்' தன் கதையைத் தொடங்குகிறது. அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டப் படங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். இத்தனை அடக்கமாகவும் இத்தனை உறுதியாகவும் பார்ப்பவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்லும் தொடக்கத்தை மிகச் சிலவற்றில்தான் கண்டிருக்கிறேன்.

மேட்ஹவுஸ் நிறுவனம் தயாரித்து, யோஷியாகி கவாஜிரி இயக்கி, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தப் படம், ஹிதேயுகி கிகுச்சி 1983 முதல் எழுதிவரும் நாவல் வரிசையின் மூன்றாவது நூலைத் தழுவியது. அந்த வரிசையின் கதை நடக்கும் காலம் மிகத் தொலைவான எதிர்காலம். முதல் நாவல் கி.பி. 12090-ஐச் சொல்கிறது. அணு ஆயுதப் போரில் மனித நாகரிகம் அழிந்த பிறகு, அதுவரை மறைந்து வாழ்ந்த இரத்தக்காட்டேரிகள் வெளியே வந்து, அறிவியலையும் மாந்திரீகத்தையும் இணைத்து ஒரு பேரரசைக் கட்டுகிறார்கள். எஞ்சிய மனிதர்கள் அவர்களுக்கு உணவாகவும் குடிகளாகவும் ஆகிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீடித்த அந்த ஆட்சியும் கடைசியில் தேய்ந்து, அவர்களின் எண்ணிக்கை சுருங்கி, அவர்களைத் தேடிக் கொல்வதையே பிழைப்பாகக் கொண்ட வேட்டைக்காரர்கள் பெருகிவிட்ட நாளில்தான் படம் தொடங்குகிறது. ஆகவே இங்கே உலகம் இரண்டு முறை அழிந்திருக்கிறது. ஒன்று மனிதர்களின் அழிவு. மற்றொன்று, நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கும் அவர்களுடைய எசமானர்களின் அழிவு. உலகம் அழிந்த பிறகான கதைகள் பெரும்பாலும் முதல் அழிவோடு நின்றுவிடும் என்பதால், இந்த இரண்டாவது அடுக்கு இந்தப் படத்துக்குத் தனி நிறத்தைக் கொடுத்துவிடுகிறது.

கிகுச்சியின் உலகில் இவர்களைக் குறிக்கும் சொல் 'கிசொக்கு', அதாவது பிரபுக்கள். தமிழில் இரத்தக்காட்டேரி என்று எழுதும்போது எனக்குச் சற்றுத் தயக்கம் ஏற்படுகிறது, ஏனென்றால் நம் ஊர்க் கதைகளில் காட்டேரி என்பது கர்ப்பிணிகளையும் பச்சிளங்குழந்தைகளையும் அண்டும் பேய். சில ஊர்களில் படையல் பெறும் தெய்வமும்கூட. அதற்கும் கோட்டை கட்டி, பட்டு உடுத்தி, விண்கலம் செய்யத் தெரிந்த இந்த நிலவுடைமைக் கூட்டத்துக்கும் தொடர்பே இல்லை. வேறு பொருத்தமான சொல் இல்லாததால் காட்டேரி என்றே எழுதுகிறேன். ஆனால் படிப்பவர்கள் ஒரு ஜமீன் குடும்பத்தின் கடைசி வாரிசை மனத்தில் வைத்துக்கொண்டால் படத்தின் உணர்ச்சி எளிதில் பிடிபடும்.

கதை எளிமையானது. எல்பர்ன் குடும்பத்துப் பெண் ஷார்லட்டை மையர் லிங்க் என்ற பிரபு கொண்டுபோய்விட்டான். அவளை மீட்டு வர, அதற்குள் அவள் அவர்களில் ஒருத்தியாகிவிட்டிருந்தால் துன்பமின்றிக் கொன்றுவிட, அவளுடைய தந்தை டி என்ற வேட்டைக்காரனைப் பெருந்தொகை பேசி அமர்த்துகிறார். அதே வேலைக்கு மார்க்கஸ் சகோதரர்கள் என்ற கூலி வேட்டைக் கூட்டமும் கவச வண்டியில் புறப்பட்டிருக்கிறது. இந்த மூன்று தரப்பும் பாலைவனத்திலும் காட்டிலும் மலைப்பாதையிலும் ஒருவரையொருவர் துரத்துவதுதான் படத்தின் பெரும்பகுதி. துரத்தல் பாதியை எட்டுவதற்குள்ளேயே, ஷார்லட் கடத்தப்படவில்லை, தன் விருப்பத்தோடுதான் போகிறாள் என்பதும், மையர் அவளுடைய கழுத்தில் பல் பதிக்காமல் தன் பசியை அடக்கிக்கொண்டிருக்கிறான் என்பதும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு, துரத்துகிறவர்கள் யாரும் எட்டிப்பிடித்துவிடக் கூடாதே என்று நாம் பதைக்கத் தொடங்குகிறோம். பகல் வெளிச்சத்தில் தாக்கப்பட்ட தன் வண்டியை விட்டு, உடல் தீப்பற்றி எரிய எரிய, மையர் அவளுக்காக வெயிலில் இறங்கும் காட்சியில் நான் முற்றிலும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

டி ஒரு டாம்பீர். தந்தை காட்டேரி, தாய் மனிதப் பெண். மனிதர்களுக்கு அவன் அருவருப்பு. பிரபுக்களுக்கு அவன் துரோகி. இரண்டும் கெட்டான் நாயகர்கள் அனிமேயில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களில் பாதிப்பேர் தங்கள் துயரத்தைப் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். டி பேசுவதில்லை. அவனுடைய நிலையைப் படம் எப்படிச் சொல்கிறது என்பதற்கு ஒரு காட்சியை எடுத்துக்காட்ட விரும்புகிறேன், ஏனென்றால் படத்தில் சண்டையே இல்லாத இந்தச் சில நிமிடங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. வழியில் ஓர் ஊரில் டி குதிரை வாங்கப் போகிறான். விற்பவர் ஒரு முதியவர். விஷயம் அறிந்த ஊர்க்காவல் தலைவர் துப்பாக்கி ஏந்திய ஆட்களோடு வந்து, உன்னைப் போன்றவனுக்கு இங்கே இடமில்லை, போய்விடு என்கிறார். அப்போது அந்த முதியவர் குறுக்கிட்டுத் தன் சிறுவயதுக் கதையைச் சொல்கிறார். பிரபுக்கள் தூக்கிச் சென்ற ஊர்ப் பிள்ளைகளை ஒரு டாம்பீர் வேட்டைக்காரன் மீட்டுக் கொண்டுவந்து சேர்த்தான். மீட்கப்பட்டவர்களில் தானும் ஒருவன். அந்த உதவிக்கு ஊர் செய்த கைம்மாறு அவனை விரட்டியடித்ததுதான். இதைச் சொல்லும்போது முதியவரின் குரலில் ஒரு வாழ்நாள் முழுவதும் சுமந்த வெட்கம் இருக்கிறது. டி எதையும் ஒப்புக்கொள்வதுமில்லை, மறுப்பதுமில்லை. குதிரையில் ஏறிப் போய்விடுகிறான். சிறுவன் கிழவனாகிவிட்டான், அவன் அப்படியே இருக்கிறான் என்ற ஒரே செய்தியில், சாவில்லாமல் வாழ்வது என்றால் என்ன என்பது விளங்கிவிடுகிறது.

இனி ஓவியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், இந்தப் படத்தைப் பார்க்கத் தூண்டும் முதல் காரணம் பலருக்கும் அதுதான். நாவல்களுக்கு முதலிலிருந்தே படம் வரைந்துவருபவர் யோஷிதாகா அமானோ. நீரில் மை கலைவது போன்ற கோடுகளும், தூக்கத்தில் நடப்பது போன்ற நெடிய உருவங்களும் அவருடைய அடையாளம். அப்படிப்பட்ட ஓவியத்தை அசையவைப்பது கடினம், ஏனெனில் அதன் அழகே நின்ற நிலையில் இருக்கிறது. யுதாகா மினோவாவின் பாத்திர வடிவமைப்பு இந்த இடத்தில்தான் பெரிய வேலையைச் செய்திருக்கிறது. அகன்ற தொப்பியின் விளிம்புக்குக் கீழே பாதி இருளில் கிடக்கும் டியின் முகம், முதுகில் ஏந்திய நீண்ட வளைந்த வாள், கழுத்தில் நீல நிறப் பதக்கம், ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு வேறு விதமாக மடிந்து விரியும் கருப்பு மேலாடை ஆகிய எல்லாவற்றிலும் அமானோவின் கை தெரிகிறது; ஆனால் அவை ஓடுகின்றன, தாவுகின்றன, எடையோடு தரையில் இறங்குகின்றன. அந்த மேலாடையை மட்டுமே கவனித்தபடி ஒரு முறை படம் முழுவதையும் பார்த்தேன். காற்றின் திசை எங்கேயும் தவறவில்லை.

கவாஜிரி 1993-இல் எடுத்த 'நிஞ்ஜா ஸ்க்ரோல்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அவருடைய சண்டைக் காட்சிகளின் இலக்கணம் பழக்கமானது. நெடுநேரம் அசைவின்றி நிற்பார்கள். பிறகு கண் சிமிட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வெட்டுப்பட்டதை வெட்டுப்பட்டவனே சற்றுத் தாமதமாகத்தான் உணர்வான். இங்கே அந்தத் தாமதம் இன்னும் மெருகேறியிருக்கிறது. மார்க்கஸ் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருவி: போர்கோஃபுக்கு அம்பு, நோல்ட்டுக்குப் பெரிய சம்மட்டி, கைலுக்குப் பிறை வடிவக் கத்திகள். நோயில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் குரோவ், மருந்தை ஏற்றிக்கொண்டதும் உடலை விட்டு ஆவி வடிவில் வெளியேறிப் போரிடுகிறான். ஒவ்வொரு முறையும் அவனுடைய ஆயுள் குறைகிறது. எதிர்ப்பக்கம் மையரைக் காக்கப் பணம் பெற்று வரும் பார்பரோய் ஊரின் விசித்திரப் பிறவிகள் இருக்கின்றன; அவர்களில் ஒருவன் நிழலுக்குள் வாழ்பவன், மற்றொருவனின் வயிற்றில் ஓநாயின் வாய் இருக்கிறது. சண்டைகள் நடக்கும் இடங்களும் வெறும் பின்னணியாக இருந்துவிடுவதில்லை. மணலுக்குள் உறங்கும் திருக்கை மீன் போன்ற பேருருக்கள் பாலைவனத்திலிருந்து எழுந்து வானில் மிதக்கும் காட்சி கதைக்கு அவ்வளவு தேவையில்லைதான். ஆனால் மனிதர்கள் கைவிட்ட நிலத்தில் வேறு உயிர்கள் எப்படிக் குடியேறிவிட்டன என்பதை அது ஒரு வார்த்தைகூடப் பேசாமல் காட்டுகிறது. இந்தப் படத்தில் அழிந்த உலகம் சாம்பல் நிறத்தில் இல்லை. மாலைச் செம்மையும் பாசிப் பச்சையும் நிறைந்த, பார்க்கப் பார்க்க ஆசை தரும் உலகமாக இருக்கிறது. இழந்ததன் அருமையை அந்த அழகே சொல்லிவிடுகிறது.

டியின் இடது உள்ளங்கையில் ஒரு முகம் இருக்கிறது. அது பேசும், கிண்டலடிக்கும், ஆபத்தில் அவனைக் காப்பாற்றும். நாயகன் பேசாதவன் என்பதால் அவன் மனத்தில் ஓடுவதை நமக்குச் சொல்ல யாராவது வேண்டும். அந்த வேலையைக் கையே செய்துவிடுகிறது. டி தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் இடங்களில் அது விடாமல் குத்திக்காட்டும்; நெடும்பயணத்தில் கூட வரும் வாயாடிச் சொந்தக்காரரைப் போல அது எனக்குப் பிரியமாகிவிட்டது.

லெய்லாவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். மார்க்கஸ் கூட்டத்தோடு இருக்கும் அவள், காட்டேரிகளால் தன் குடும்பத்தை இழந்தவள். அதனால் டியையும் வெறுக்கிறாள். டாம்பீர்களுக்கு வெயில் ஒரு நோய். வெளியில் நெடுநேரம் அலைந்தால் ஒரு கட்டத்தில் உடல் சுருண்டு விழும். மண்ணுக்குள் புதைந்து கிடந்துதான் தேற வேண்டும். டி அப்படிக் கிடக்கும்போது லெய்லா அவன் அருகில் அமர்ந்து பேசத் தொடங்குகிறாள். வேட்டைக்காரர்களின் வாழ்க்கையில் நிலையான எதுவும் இல்லை, தான் செத்தால் அழ ஆளில்லாமல் போய்விடுமோ என்ற பயம் தனக்கு இருக்கிறது என்று, யாரிடமும் சொல்லாததை எதிரியிடம் சொல்கிறாள். பிறகு ஓர் ஒப்பந்தம் கேட்கிறாள்: இருவரில் யார் மிஞ்சுகிறார்களோ அவர்கள் மற்றவரின் கல்லறைக்குப் பூக்கள் கொண்டுவர வேண்டும். சாவு வீட்டில் எத்தனை பேர் கூடினார்கள் என்பதை வைத்து ஒருவருடைய வாழ்வை அளக்கும் ஊரில் வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, அந்த வேண்டுகோள் என்னை ஆழமாகத் தொட்டது. பிரபுக்களுக்கு அழ இனமே மிஞ்சவில்லை; வேட்டைக்காரர்களுக்கு அழ வீடில்லை; டிக்கு இரண்டுமே இல்லை. இந்தப் படத்தில் வாள்வீச்சுகளுக்கு அடியில் ஓடும் கேள்வி இதுதான் என்று அந்தக் காட்சியில்தான் எனக்குப் புரிந்தது. இரண்டாவது முறை பார்த்தபோது, முதலில் வெறும் சாகசமாகத் தெரிந்த பல இடங்கள் வேறு விதமாகத் தெரிந்தன.

படத்தில் குறைகளும் இருக்கின்றன. கடைசி அரை மணி நேரம் கார்மில்லா என்ற பழைய சீமாட்டியின் கோட்டைக்குள் நடக்கிறது. மாயத்தோற்றங்களைக் காட்டி ஒவ்வொருவரையும் அவள் வளைக்கும் முறை கண்ணுக்கு விருந்தாக இருந்தாலும், அதுவரை நல்லவன் கெட்டவன் என்ற எளிய பிரிவே இல்லாமல் வந்த கதைக்கு, திடீரென்று வெறுக்க வசதியான ஓர் எதிரி வந்து சேர்ந்துவிடுகிறாள். அவளைப் பற்றி முன்பே சிறிதளவாவது சொல்லியிருக்கலாம். மார்க்கஸ் சகோதரர்களில் சிலர் அறிமுகமான வேகத்திலேயே செத்துப்போகிறார்கள். குரோவின் கதை ஒரு தனிப் படத்துக்கே போதுமானது, இங்கே அது கைநழுவிப் போகிறது. இவற்றைவிட எனக்குப் பெரிய வருத்தம் ஷார்லட்டைப் பற்றியது. இத்தனை பேர் அவளுக்காக உயிரை விடுகிறார்கள். அவளுக்கென்று காதலைத் தவிர வேறொரு நினைப்பையோ, சிறுவயது ஞாபகத்தையோ, கோபத்தையோ எழுதியவர்கள் கொடுக்கவில்லை. லெய்லாவை இத்தனை நுணுக்கமாகச் செதுக்கியவர்களுக்கு அது முடியாத காரியமல்ல.

மொழியைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. பொதுவாக அனிமேயை ஜப்பானிய ஒலியில் துணைவரிகளோடு பார்ப்பதே முறை என்று நம்புகிறவன் நான். இந்தப் படம் விதிவிலக்கு. உலகச் சந்தையை எண்ணி முதலில் ஆங்கில உரையாடலோடுதான் இதை முடித்தார்கள். ஜப்பானியத் திரையரங்குகளிலேயே ஆங்கில ஒலியும் ஜப்பானியத் துணைவரியுமாகத்தான் ஓடியது. ஜப்பானியக் குரல்பதிவு பின்னர் வந்தது. அதில் டிக்கு ஹிதேயுகி தனாகாவும், லெய்லாவுக்கு மெகுமி ஹயாஷிபாராவும், மையருக்குக் கோயிச்சி யமாதெராவும் குரல் கொடுத்திருக்கிறார்கள். மையரின் பேச்சில் உள்ள பழைய குடும்பத்துக் கம்பீரம் யமாதெராவின் குரலில் கூடுதலாக வெளிப்படுகிறது என்பது என் எண்ணம். எந்த ஒலியில் பார்த்தாலும் மார்க்கோ டாம்ப்ரோசியோவின் இசை பெரிதாக ஒலிக்க வேண்டும். கோரஸ் எழும் இடங்களைச் சிறிய ஒலிபெருக்கிகள் நசுக்கிவிடும்.

1985-இல் டோயோ அஷிதா இயக்கிய முதல் 'வேம்பயர் ஹன்டர் டி' படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டுமா என்றால், தேவையில்லை. அது எண்பது நிமிடப் படம், கதையும் வேறு. அதன் கரடுமுரடான கோடுகளுக்கு ஒரு வசீகரம் உண்டு, இருந்தாலும் அமானோவின் உலகை அது எட்டவில்லை. இன்றைய பார்வையாளர்களுக்கு அழிந்த உலகமும் காட்டேரிகளும் வாள்களும் நிறைந்த தொடர்கள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் பல, மூலமான மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) முடியாததால், பருவத்தின் இறுதியில் கதையை நட்டாற்றில் விட்டுவிடுகின்றன. இதுவோ ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் ஓர் உலகத்தைத் திறந்து, அதன் மனிதர்களை நமக்கு நெருக்கமாக்கி, முறையாக வழியனுப்பியும் வைக்கிறது. கால் நூற்றாண்டு கழிந்தும் புதியவர்கள் இதைத் தேடி வருவதற்கு இந்த நிறைவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

முடிவை அறிய விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். கோட்டைக்குள் ஷார்லட் இறந்துவிடுகிறாள். மையர் அவளுடைய உடலைச் சுமந்தபடி, பிரபுக்கள் விட்டுச்சென்ற பழைய விண்கலத்தில் ஏறுகிறான். இற்றுப்போன அந்தக் கலம் கட்டடத்தை இடித்துக்கொண்டு தள்ளாடி எழும்போது, காட்டேரி என்ற சொல்லைக் கேட்டாலே துப்பாக்கியைத் தூக்கும் லெய்லா, அது எழுந்துவிட வேண்டுமே என்று மனம் பதறி அதை உரக்க ஊக்கப்படுத்துகிறாள். பிறகு பல ஆண்டுகள் உருண்டோடுகின்றன. ஓர் இடுகாட்டில் பெரும் கூட்டம் நிற்கிறது. தொலைவில், குதிரையோடு டி நிற்கிறான். அவனிடம் வந்து பேசும் சிறுமி லெய்லாவின் பேத்தி. தனக்காக அழ யாரும் இருக்கமாட்டார்களோ என்று உன் பாட்டி பயந்தாள், அது பொய்யானதில் எனக்கு மகிழ்ச்சி என்ற பொருளில் அவன் சொல்கிறான். வீட்டுக்கு வந்து தங்கும்படி சிறுமி அழைக்கிறாள்; அவன் மறுத்துக் கிளம்புகிறான். படம் முழுவதும் அசையாத அந்த முகத்தில் ஒரு சிறு புன்னகை வந்து போகிறது.

இரத்தமும் துண்டாகும் உடல்களும் தாராளமாக உண்டு என்பதால் குழந்தைகளோடு பார்க்கும் படமல்ல. பதினாறு, பதினேழு வயதைத் தாண்டியவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். முதல் தடவை நான் இதைக் கைப்பேசியில், பேருந்துப் பயணத்தில் பார்த்தேன். பாதிக் காட்சிகள் வெறும் கருப்பாகத்தான் தெரிந்தன. வீட்டில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் பெரிய திரையில் மறுபடி பார்த்தபோதுதான், கருப்பு என்று நான் நினைத்த இடங்களிலெல்லாம் கோட்டைச் சிற்பங்களும் மரங்களின் வேர்களும் தொப்பிக்குக் கீழே டியின் கண்களும் இருந்ததைக் கண்டேன். ஆகவே முதல் முறையே பெரிய திரையில், இரவில் பாருங்கள்.